பழைய கீபோர்டில் ஒரு மோர்ஸ் கீயர்: நீண்ட கோடுகளும் தானாக வந்த எழுத்துகளும்

கீபோர்டில் தட்டுவதை மோர்ஸ் குறிகளாக்கி ரேடியோவில் அனுப்பும் கீயர் இது; அதன் மூன்றாவது வடிவம்தான் உருப்படியாக ஓடுகிறது. கீபோர்டில் தட்டும் எழுத்துகள் வரிசையில் நின்று, ஒவ்வொன்றாகப் புள்ளியும் கோடுமாக மாறி, ரிக்கின் (அமெச்சூர் ரேடியோ செட்டின்) கீ ஜாக்கில், அதாவது மோர்ஸ் சாவியை மாட்டும் துளையில், இறங்குகின்றன. நிமிடத்துக்கு 15 சொல்லிலிருந்து 35 சொல் வரை எந்த வேகத்திலும் கோடு நீளவில்லை. 14 மெகாஹெர்ட்ஸில் 100 வாட்டில் அனுப்பினாலும் கீபோர்டு உளறுவதில்லை. முதல் இரண்டு வடிவங்கள் தோற்றது இந்த இரண்டு இடங்களில்தான். எழுத்தை மோர்ஸாக மாற்றுவது ஒரு மாலை நேரத்து வேலை. மற்ற நாட்களையெல்லாம் நேரக் கணக்கும் ஆர்எஃப்பும் (டிரான்ஸ்மிட்டரின் ரேடியோ அலை கம்பிகளில் புகுவது) தின்றுவிட்டன.

தேவைப்பட்டவை: ஆர்டுயினோ நானோ ஒன்று (ஏடிமெகா328பி, 16 மெகாஹெர்ட்ஸ்), பிஎஸ்/2 கீபோர்டும் அதற்கான 6 முள் மினி டின் சாக்கெட்டும், ஐ2சி (இரண்டு கம்பித் தொடர்பு) பலகை ஒட்டிய 16க்கு 2 எல்சிடி, பிசி817 ஆப்டோகப்ளர் (ஒளி வழியாக மட்டும் சிக்னலைக் கடத்தும் சிப்), 470 ஓம் ரெசிஸ்டர் ஒன்று, 4.7 கிலோ ஓம் இரண்டு, 220 ஓம் ஒன்று, 100 பிகோஃபாரட் செராமிக் கெப்பாசிட்டர் இரண்டு, 1 நானோஃபாரட் ஒன்று, பீசோ பஸர், 7805 ரெகுலேட்டரும் ஹீட்சிங்கும், 3.5 மில்லிமீட்டர் ஸ்டீரியோ ஜாக், அலுமினியப் பெட்டி. பெரும்பாலானவை பழைய பொருள் டப்பாவிலேயே கிடைக்கும். பஸர் வாங்கும்போது மட்டும் கவனம் வேண்டும்: தன்னுள்ளேயே ஆசிலேட்டர் உள்ள வகை ஒரே சுருதியில்தான் கத்தும். அது இல்லாத, வெறும் பீசோ வேண்டும்.

கீபோர்டு பிஎஸ்/2 ஆக இருப்பது நல்லது. யுஎஸ்பி கீபோர்டில் பச்சை, ஊதா நிற மாற்றிச் செருகியை மாட்டினால் போதும் என்று நினைப்பது வீண் வேலை. அந்தச் செருகிக்குள் சர்க்யூட் எதுவும் கிடையாது, கம்பிகள் மட்டும்தான். கீபோர்டுக்குள் இருக்கும் சிப்புக்கு இரண்டு மொழியும் தெரிந்தால்தான் வேலை செய்யும். புதிய கீபோர்டுகள் பலவற்றுக்கு யுஎஸ்பி மட்டுமே தெரியும்.

கீபோர்டைப் படிக்க வைத்தது

மினி டின் சாக்கெட்டில் 1ஆம் முள் டேட்டா, 3 கிரவுண்ட், 4 ஐந்து வோல்ட், 5 கிளாக். சாக்கெட்டைப் பின்புறமிருந்து பார்த்தால் எண்கள் இடம் வலமாக மாறிவிடும். சால்டர் செய்வதற்கு முன் மல்டிமீட்டரில் ஒவ்வொரு முள்ளையும் தொட்டுப் பார்த்துவிடுங்கள், ஐந்து வோல்ட் தவறான முள்ளில் போனால் கீபோர்டு போய்விடும். கிளாக்கை நானோவின் டி2 முள்ளிலும் (இன்டரப்ட் வசதி உள்ளது: சிக்னல் வந்ததும் நடக்கும் வேலையை நிறுத்தி அதைக் கவனிக்கும்) டேட்டாவை டி4இலும் இணைத்து, இரண்டையும் 4.7 கிலோ ஓம் வழியாக ஐந்து வோல்ட்டுக்கு இழுத்துக் கட்ட வேண்டும். நானோவின் உள் புல்அப்பே போதும் என்று முதலில் விட்டிருந்தது தவறு. மேசைமேல் சோதிக்கும்போது ஓடியது, ரிக் பக்கத்தில் வைத்ததும் தடுமாறியது. 20 முதல் 50 கிலோ ஓம் வரை உள்ள அந்த உள் ரெசிஸ்டர் இதற்குப் போதாது.

ஒவ்வொரு விசைக்கும் கீபோர்டு 11 பிட் அனுப்புகிறது: 0 ஆன தொடக்க பிட், மதிப்பு குறைந்த பிட் முதலில் வரும் 8 டேட்டா பிட், ஒற்றைப்படைப் பாரிட்டி (பிழை கண்டறியும் பிட்), 1 ஆன முடிவு பிட். கிளாக் கீழே விழும் தருணத்தில் டேட்டாவைப் படிக்க வேண்டும். கிளாக்கின் வேகம் 10 முதல் 16.7 கிலோஹெர்ட்ஸ் வரை. அதாவது ஒரு பிட்டுக்கு 60 முதல் 100 மைக்ரோசெகண்ட், படிக்கக் கிடைப்பது அதில் பாதிதான். இந்த எண்ணை நினைவில் வையுங்கள், பின்னால் இதுதான் காலை வாரியது.

முதல் வடிவத்தில் ஒரே ஒரு பிட் தவறினாலும் அதற்குப் பிறகு வந்த எல்லா எழுத்தும் குப்பையாக வந்தது, மின்சாரத்தை நிறுத்திப் போடும்வரை சரியாகவில்லை. காரணம் எளிது. பிட் எண்ணிக்கை ஒன்று பின்தங்கிவிட்டால் அது தானாகச் சரியாக வழியே இல்லை. மருந்தும் எளிது: கடைசி கிளாக்குக்கும் இப்போதைய கிளாக்குக்கும் இடையே 2 மில்லிசெகண்டுக்கு மேல் இடைவெளி இருந்தால் எண்ணிக்கையைப் பூஜ்யமாக்கி, இதைத் தொடக்க பிட்டாக எடுத்துக்கொள். முழு 11 பிட்டும் ஏறத்தாழ ஒரு மில்லிசெகண்டில் முடிந்துவிடும் என்பதால் இது பாதுகாப்பானது. மூன்று வரி நிரல். இதை முதல் நாளே எழுதியிருக்க வேண்டும்.

விசைக் குறியீடுகளில் மூன்று பொறிகள் உண்டு. விசையை விடும்போது ஹெக்ஸ் (16 அடிமான எண்) எஃப்0 வந்து, அடுத்து அதே குறியீடு மறுபடி வரும். எஃப்0ஐக் கவனிக்காவிட்டால் எல்லா எழுத்தும் இரண்டிரண்டாகப் போகும். அம்புக்குறி விசைகள் இ0 என்ற முன்னொட்டோடு வருகின்றன. மேல் அம்பு இ0 75, நம்பர் பேடின் 8 வெறும் 75. முன்னொட்டைத் தூக்கிப்போட்டதால் வேகத்தைக் கூட்ட மேல் அம்பை அழுத்தும்போதெல்லாம் ஒரு 8 காற்றில் போய்க்கொண்டிருந்தது. அதேபோல் பிரின்ட் ஸ்கிரீன் விசை இ0 12 என்று தொடங்கும், 12 என்பதோ இடது ஷிஃப்ட். மூன்றாவது, அழுத்திப் பிடித்தால் அரை நொடி கழித்து நொடிக்கு 10.9 தடவை வீதம் அதே எழுத்து பொழியும். விடுவித்த செய்தி வராமல் அதே குறியீடு மறுபடி வந்தால் ஒதுக்கிவிடலாம். பேக்ஸ்பேஸுக்கு மட்டும் விலக்கு கொடுங்கள்.

கீபோர்டுக்கு நாம் எதையும் திருப்பி அனுப்புவதில்லை. கேப்ஸ் லாக் விளக்கு எரியாது. மோர்ஸில் பெரிய எழுத்து, சிறிய எழுத்து என்ற பேதமே இல்லை என்பதால் அது ஒரு குறையல்ல.

அட்டவணை

ஒவ்வொரு எழுத்துக்கும் ஒரு பைட் போதும். முன்னால் ஒரு 1, அதன்பின் புள்ளிக்கு 0, கோட்டுக்கு 1. ஏ என்ற எழுத்து புள்ளி, கோடு, எனவே 101. அனுப்பும்போது முதல் 1ஐத் தேடிக் கண்டுபிடித்து, அதற்கடுத்த பிட்டிலிருந்து தொடங்கினால் நீளத்தைத் தனியாகச் சேமிக்கத் தேவையில்லை. இந்த முறையில் அதிகபட்சம் 7 குறிகள்தான் அடங்கும். எட்டுப் புள்ளிகளான பிழைக் குறி அடங்காது, அதைத் தனியாகக் கையாள வேண்டும். 2004இல் சேர்க்கப்பட்ட மின்னஞ்சல் ‘அட்’ குறி (புள்ளி கோடு கோடு புள்ளி கோடு புள்ளி) தாராளமாக அடங்கும். ஏஆர் (செய்தி முடிவு), எஸ்கே (தொடர்பு முடிவு), பிடி, கேஎன் போன்ற, இடைவெளியின்றிச் சேர்த்து அனுப்பும் குறிகளுக்கு, கூட்டல் குறி, சமக்குறி, அடைப்புக்குறி என்று அதிகம் பயன்படாத விசைகளை ஒதுக்கியாயிற்று.

நேரம்

நிமிடத்துக்கு இத்தனை சொல் என்பதைப் ‘பாரிஸ்’ என்ற ஆங்கிலச் சொல்லை வைத்து அளக்கிறார்கள், அது சொல் இடைவெளியோடு சரியாக 50 அலகு (ஒரு புள்ளியின் நீளம் 1 அலகு). அதனால் ஒரு புள்ளியின் நீளம், 1200ஐ வேகத்தால் வகுத்தால் வரும் மில்லிசெகண்ட். 20 சொல்லுக்கு 60, 25 சொல்லுக்கு 48.

முதல் பிழை கணக்குப் பிழை. ஒவ்வொரு குறிக்குப் பின்னும் 1 அலகு இடைவெளி ஏற்கெனவே விட்டாயிற்று. எனவே எழுத்து முடிந்ததும் கூட்ட வேண்டியது 2, சொல் முடிந்ததும் அதற்குமேல் 4. அதை மறந்து முழு இடைவெளிகளான 3உம் 7உம் கூட்டியதால் 50 அலகு 58 ஆனது. காதால் கேட்டால் கொஞ்சம் நிதானமாக அனுப்புவதுபோல் இனிமையாகவே இருந்தது, அதனால்தான் கண்ணில் படவில்லை. ஸ்டாப்வாட்ச்தான் காட்டிக்கொடுத்தது: 20 சொல் வேகத்தில் ‘பாரிஸ்’ 20 தடவை அனுப்பினால் 60 நொடியில் முடிய வேண்டும், ஏறக்குறைய 70 நொடி ஆனது. கீயர் எதுவானாலும் இந்தச் சோதனையை முதலில் செய்துவிடுவது நல்லது.

அடுத்த பிழைக்குக் கணக்கு காரணமில்லை. ஆர்டுயினோவின் டிலே கட்டளையால் புள்ளியையும் கோட்டையும் அளந்ததால், அனுப்பும் நேரத்தில் தட்டிய எழுத்து திரையில் வரவில்லை. சரி என்று டிலேயை எடுத்துவிட்டு, நிரலின் பிரதான வளையத்திலேயே (லூப்) நேரத்தைச் சோதித்துக்கொண்டு இடையிடையே திரையைப் புதுப்பித்தபோது, சில கோடுகள் நீண்டன. தாளம் தெரிந்த காதுக்கு அது உடனே உறுத்தும். கணக்குப் போட்டுப் பார்த்தால் ஆச்சரியமில்லை. ஐ2சி பலகை வழியாக எல்சிடியில் ஒரு எழுத்தைப் போட, வழக்கமான நூலகம் ஆறு தனித்தனிப் பரிமாற்றங்கள் செய்கிறது. 100 கிலோஹெர்ட்ஸில் ஒவ்வொன்றும் ஏறத்தாழ 0.2 மில்லிசெகண்ட். ஒரு எழுத்துக்கு 1.2க்கு மேல், 32 எழுத்துக்கு 40 மில்லிசெகண்டுக்குமேல். 25 சொல் வேகத்தில் ஒரு புள்ளியே 48தான்!

ஆகவே நேரத்தை வளையத்திலிருந்து பிடுங்கி டைமர் 1இன் இன்டரப்டிடம் கொடுத்தாயிற்று. பிரீஸ்கேலர் (கடிகாரத் துடிப்பை வகுக்கும் எண்) 64, ஒப்பீட்டு எண் 249. 1 மில்லிசெகண்டுக்கு ஒரு துடிப்பு. துடிப்பில் நடப்பது மிகச் சொற்பம்: மீதி நேரத்தை ஒன்று குறை, பூஜ்யமானால் அடுத்த குறியை எடு, கீ முள்ளை ஏற்று அல்லது இறக்கு. திரை எவ்வளவு சோம்பலாக இருந்தாலும் இனி அனுப்புதலைத் தொடாது.

இதோடு முடிந்தது என்று நினைத்தபோது புதிதாக ஒன்று. அனுப்பிக்கொண்டிருக்கும்போது தட்டினால் மட்டும் சில எழுத்துகள் தொலைந்தன, அனுப்பாதபோது எல்லாம் சரி. ரிக்கை அணைத்துவிட்டுச் சோதித்தாலும் அதேதான், ஆக ஆர்எஃப் இல்லை. ஒரு நாள் முழுக்கக் கம்பிகளைச் சந்தேகப்பட்டது வீண். குற்றவாளி சைடுடோன், அதாவது அனுப்புவதை நாமே கேட்கப் பஸரில் எழும் ஒலி. ஆர்டுயினோவின் டோன் கட்டளையை டைமர் இன்டரப்டுக்குள்ளேயே கூப்பிட்டதால் வந்த வினை. அது ஒவ்வொரு முறையும் அலைவரிசைக்கேற்ற பிரீஸ்கேலரைத் தேட 32 பிட் வகுத்தல்கள் பலவற்றைச் செய்கிறது. இந்தச் சிப்பில் அத்தகைய ஒரு வகுத்தலுக்கே 40 மைக்ரோசெகண்ட் அளவு ஆகும். அந்த நேரமெல்லாம் மற்ற இன்டரப்டுகள் வாசலில் காத்திருக்கும். கீபோர்டு காத்திருக்காது, அதன் பிட் 60 மைக்ரோசெகண்டில்கூடப் போய்விடும்.

தீர்வு, டைமர் 2ஐத் தொடக்கத்திலேயே ஒருமுறை அமைத்து ஓடவிடுவது: பிரீஸ்கேலர் 64, ஒப்பீட்டு எண் 191, 651 ஹெர்ட்ஸ். ஒலி வேண்டும்போது டி11 முள்ளை டைமரோடு இணைக்கும் ஒரே ஒரு பிட்டை மட்டும் ஏற்றுவது, வேண்டாதபோது இறக்குவது. ஒரு மைக்ரோசெகண்டுக்குள் முடிகிறது. பஸர் 220 ஓம் வழியாக அந்த முள்ளில். கீபோர்டு இன்டரப்டுக்குள்ளும் டிஜிட்டல்ரீட் கட்டளையை விட்டு, போர்ட் ரெஜிஸ்டரை நேரடியாகப் படிப்பதற்கு மாற்றியாயிற்று.

வரிசைக்கு 256 பைட். சுட்டெண் 8 பிட்டாக இருப்பதால் 255க்குப் பின் தானாகவே 0 ஆகிவிடும், எல்லைச் சோதனை தேவையில்லை. 2 கிலோபைட் நினைவகத்தில் எட்டில் ஒரு பங்கு போகிறதே என்று தோன்றலாம். ஆனால் 20 சொல் வேகத்தில் இரண்டு நிமிடப் பேச்சு அதில் அடங்கும், அது தாராளம். பேக்ஸ்பேஸ் இன்னும் அனுப்பாத எழுத்தை மட்டும் அழிக்கும். எஸ்கேப் விசை வரிசையை முழுவதும் காலி செய்து கீயையும் உடனே விடுவிக்கும்.

ரிக்கோடு இணைத்தது

டி5 முள்ளிலிருந்து 470 ஓம் வழியாக பிசி817இன் 1ஆம் கால், 2ஆம் கால் கிரவுண்டுக்கு. எல்இடியில் ஏறத்தாழ 8 மில்லிஆம்பியர் ஓடும். 4ஆம் கால் ஜாக்கின் நுனிக்கு, 3ஆம் கால் உறைக்கு. இன்றைய ரிக்குகளின் கீ கம்பியில் சில வோல்ட் நேர்மின்சாரம்தான் இருக்கும், இது போதும். பழைய வால்வு டிரான்ஸ்மிட்டரோடு இதை இணைக்கவே கூடாது. பிசி817 வகைகளில் பல தாங்குவது 35 வோல்ட் மட்டுமே, வால்வு செட்டுகளில் கிரிட் வழியாகவோ கேத்தோடு வழியாகவோ கீ செய்யும்போது அதைவிட மிக அதிகம் இருக்கும். எந்த ரிக்காக இருந்தாலும் முதலில் கீ ஜாக்கில் மல்டிமீட்டரை வைத்து வோல்ட்டையும் துருவத்தையும் அளந்து பார்க்க வேண்டும்.

கீ முள்ளாக முதலில் வைத்தது டி13. பலகையிலேயே எல்இடி இருக்கிறதே, பார்க்க வசதி என்ற எண்ணம். நானோவின் பூட்லோடர் (நிரலை ஏற்றும் தொடக்க நிரல்) ஒவ்வொரு முறை உயிர்பெறும்போதும் அந்த விளக்கைச் சிமிட்டும் என்பது நினைவில் இல்லை. மின்சாரம் கொடுத்ததுமே ரிக் தானாக டிக் டிக் என்று அனுப்பியது. ஆன்டெனாவுக்குப் பதில் டம்மி லோடு (ஆற்றலைச் சூடாக்கி விழுங்கும் ரெசிஸ்டர்) மாட்டியிருந்ததால் யார் காதிலும் விழவில்லை. டி13இல் கீயைக் கட்டாதீர்கள்.

இன்னொரு குழப்பம் செருகியால் வந்தது. ரிக் பேடில் முறையில் (புள்ளிக்கும் கோட்டுக்கும் தனித்தனி நெம்பு) இருக்கும்போது மோனோ செருகியைச் சொருகினால், நடு வளையம் உறையோடு ஒட்டி, நிற்காமல் கோடாகப் போகும். ஸ்டீரியோ செருகியைப் போட்டு நடு வளையத்தை வெறுமனே விட்டுவிட்டு, மெனுவில் ஸ்ட்ரெய்ட் கீ (ஒற்றைச் சாவி) என்று மாற்றினால் சரி.

பிரேக்இன் முறையில் (கீ அழுந்தியதும் ரிக் தானாக அனுப்புதலுக்கு மாறுவது) சில ரிக்குகள் முதல் புள்ளியைக் கடித்துவிடும். ரிலே மாறும் நேரம் அதிலிருந்து கழிகிறது. இதற்கு இரண்டு அமைப்புகள் வைக்க வேண்டியிருந்தது, ஒன்றை மற்றொன்றாகக் குழப்பக்கூடாது. ஓய்வுக்குப் பின் வரும் முதல் குறியை மட்டும் நீட்டுவது ஒன்று. எல்லாக் குறிகளையும் சில மில்லிசெகண்ட் நீட்டி, அதே அளவை இடைவெளியில் குறைப்பது மற்றொன்று. இரண்டாவதில் வேகம் மாறாது. இரண்டும் 0 முதல் 15 மில்லிசெகண்ட் வரை. அளக்க, பக்கத்தில் இன்னொரு ரிசீவரை வைத்து ஒலியைக் கணினியில் பதிவுசெய்து அலைவடிவத்தை நீட்டிப் பார்த்தாலே போதும். ஆப்டோகப்ளரின் தாமதத்தைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம், அது மில்லிசெகண்டை எட்டாது.

நிரல் எங்காவது தொங்கி, கீ அழுந்தியபடியே நின்றுவிட்டால் டிரான்ஸ்மிட்டர் நிற்காமல் கேரியர் (குறியில்லாத வெறும் அலை) விடும். அதனால் டைமர் இன்டரப்டிலேயே ஓர் உச்சவரம்பு: தொடர்ந்து 5 நொடி கீ அழுந்தியிருந்தால் விடுவித்துவிடும். ஆன்டெனா டியூன் செய்ய எஃப்10 விசைக்கு மட்டும் 10 நொடி. நிரல் தொங்கினால் சிப்பை மறுதொடக்கம் செய்யும் வாட்ச்டாக்கும் உண்டு, 2 நொடி. பழைய பூட்லோடர் உள்ள நானோவில் வாட்ச்டாக் தட்டினால் பலகை முடிவில்லாமல் மறுதொடக்கம் செய்துகொண்டே இருக்கும். ஆப்டிபூட் என்ற புதிய பூட்லோடரை ஏற்றியபின் அந்தத் தொல்லை இல்லை.

மின்சாரமும் ஆர்எஃப்பும்

கீபோர்டு, திரை, நானோ எல்லாம் சேர்ந்து 150 மில்லிஆம்பியர். 13.8 வோல்ட்டிலிருந்து 5க்கு இறக்கினால் 1.3 வாட் சூடு. நானோவின் மேலுள்ள குட்டி ரெகுலேட்டர் இதைத் தாங்காது. பக் கன்வர்ட்டர் (ஸ்விட்ச்சிங் முறையில் வோல்ட்டைக் குறைப்பது) போட்டதும் சூடு போனது, கூடவே 7 மெகாஹெர்ட்ஸில் இரைச்சல் வந்து குடியேறியது. அதைக் கழற்றிவிட்டு ஹீட்சிங்கோடு 7805க்கே திரும்பியாயிற்று. உள்ளீட்டில் 0.33 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டர், வெளியீட்டில் 0.1. சில நேரம் பழைய ஆளே மேல்.

டம்மி லோடில் 100 வாட் போட்டபோது எந்தப் புகாரும் இல்லை. நீளக்கம்பி ஆன்டெனாவுக்கு மாற்றி 14 மெகாஹெர்ட்ஸில் அனுப்பியதும் திரையில் யாரும் தட்டாத எழுத்துகள். ஒன்றரை மீட்டர் கீபோர்டு கேபிள் நல்ல ஆன்டெனாவாக நடந்துகொண்டது. கிளிப் வகை ஃபெரைட்டை ஒருமுறை மாட்டினால் குறைந்தது, நிற்கவில்லை. ஃபெரைட்டில் தடுப்பு சுற்றின் வர்க்கமாகக் கூடும்: 5 சுற்று என்றால் 25 மடங்கு. 31ஆம் கலவை (மிக்ஸ் 31) ஃபெரைட்டில் 61 மில்லிமீட்டர் வெளிவிட்டமுள்ள வளையத்தில் கேபிளை 7 சுற்று சுற்றியாயிற்று. அதன் உள்துளை 35 மில்லிமீட்டர், செருகியை வெட்டாமலேயே நுழைக்கலாம். சாக்கெட்டின் காலிலேயே கிளாக்கிலிருந்தும் டேட்டாவிலிருந்தும் கிரவுண்டுக்கு 100 பிகோஃபாரட், கீ ஜாக்கின் குறுக்கே 1 நானோஃபாரட். நிரலிலும் ஒரு காவல்: கிளாக் விழுந்ததும் 5 மைக்ரோசெகண்ட் கழித்து மறுபடி பார், மேலே போயிருந்தால் அது பொய்த் துடிப்பு. தொடக்க பிட், பாரிட்டி, முடிவு பிட் மூன்றும் ஒத்தால்தான் எழுத்தை ஏற்பது.

இவற்றில் எது நோயைத் தீர்த்தது என்று ஒவ்வொன்றாகக் கழற்றிப் பார்த்ததில், பாதிக்கு மேல் ஃபெரைட் வளையத்தின் வேலை. பாரிட்டிச் சோதனை மட்டும் இருந்தால் பொய் எழுத்துகள் வராது, ஆனால் உண்மையில் தட்டியவையும் தொலையும்.

பெட்டியைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. திரைக்கு 72க்கு 25 மில்லிமீட்டர் வெட்டு, திருகுத் துளைகள் 75க்கு 31. ஜாக்கைப் பெட்டியிலிருந்து பிளாஸ்டிக் வாஷரால் பிரித்து வைத்தது பெரிய பயன் தரவில்லை. ரிக்கும் கீயரும் ஒரே 13.8 வோல்ட் சப்ளையிலிருந்து ஓடும்போது கிரவுண்ட் எப்படியும் ஒன்றுதான்.

அடுத்த முறை செய்தால்

வேகத்தை மாற்றும்போதெல்லாம் உடனே ஈப்ராமில் (மின்சாரம் போனாலும் மறக்காத நினைவகம்) எழுதாமல், கடைசி மாற்றத்துக்கு 5 நொடி கழித்து எழுதுவது நடுவழியில் சேர்ந்தது. அந்த நினைவகம் ஒரு இடத்தில் ஒரு லட்சம் முறை எழுதுவதைத்தான் தாங்கும். எஃப்1 முதல் எஃப்4 வரை 60 எழுத்து நினைவுச் செய்திகளும் அதில்தான் உள்ளன. அவற்றுக்குள் தொடர் எண் செருகும் வசதி இல்லை, போட்டிகளுக்கு அது வேண்டும். 16க்கு 2 திரைக்குப் பதில் 20க்கு 4 போடலாம், தட்டி நிற்கும் வரிசை ஒரே வரியில் பார்க்கப் போதவில்லை. கீபோர்டு இல்லாதபோது பேடிலையும் மாட்ட இன்னொரு ஜாக்குக்குத் துளை போட்டிருக்க வேண்டும். அதற்கு டி6, டி7 முள்கள் காலியாகவே இருக்கின்றன, பெட்டியில்தான் இடம் இல்லை.